தலைகீழாய் நடந்த சனிக்கிழமை

மழை வந்தாலும் வராவிட்டாலும், சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய சதுக்கத்துக் கிணற்றடியில் ஒரு பச்சைக் குடை விரியாமல் நிமிர்ந்து நிற்கும். அதைப் பிடித்திருப்பவளுக்குக் குடையக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வாரம் ஐந்து நாள் சேர்க்கைப் படிவத்திலும் மாற்றுச் சான்றிதழிலும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடப்பவள், ஆறாம் நாள் அந்தக் குடையைத் தூக்கிவிட்டால் ஆளே மாறிவிடுவாள். நகரத்தின் பழைய பகுதியைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, கிணற்றில் தொடங்கி, இரட்டைக் கதவு வீடு, ஒல்லிச் சந்து, ரொட்டிக்கடைச் சுவர், வாய்க்கால் படிகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டியபடி சரிவில் இறங்குவாள். சும்மா நடந்தால் கால் மணி நேரத் தூரம்தான். மிச்சமெல்லாம் பேச்சு. மதியம் ஒரு மணிக்குப் படிகளை ஒட்டியிருக்கும் அவள் அண்ணன் வீட்டு முற்றத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. அதைச் சமைப்பவள் அண்ணி.

நாத்தனார் பேச, அண்ணி சமைக்க, ஆறு வருஷமாக வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அது நின்றது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இந்தச் சனிக்கிழமையோட சரி. அதுக்கப்புறம் நீ வேற இடம் பாத்துக்க."

"என்ன அண்ணி, திடீர்னு?"

"திடீர்னு எல்லாம் இல்ல. ஆறு வருஷம் ஆச்சு. போதும்னு இருக்கு."

"வேலை ஜாஸ்தியா இருக்கா? கூடமாட ஒரு ஆள் வச்சுக்கலாமா?"

"ஆளா? அப்புறம் அவளை மேய்க்கறதே எனக்கு ஒரு வேலை."

"இல்லேன்னா பெரிய மிக்ஸி ஒண்ணு வாங்கி..."

"மிக்ஸியா என்கிட்ட உக்காந்து பேசப்போகுது?"

இதைக் கேட்டதும் குடையக்காவுக்கு ஏதாவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அவள் மனசு முழுக்கச் சாப்பாட்டிலேயே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை அண்ணிக்குக் காய்ச்சல் வந்து, இந்த வாரம் சாப்பாடு கிடையாது, நடை மட்டும்தான் என்று சொன்னபோது, பத்து பேர் வராமலே இருந்துவிட்டார்கள். வந்த நாலு பேரில் இரண்டு பேர் ரொட்டிக்கடைக்குள் போனவர்கள் போனவர்கள்தான். சாப்பாடு இல்லாவிட்டால் இந்த நடையும் இல்லை. நடை இல்லாவிட்டால் அவளுக்கு வாரம் முழுக்கச் சேர்க்கைப் படிவம்தான். இரண்டு ராத்திரி இதையே புரட்டிப் புரட்டிப் படுத்திருந்தவள், சனிக்கிழமை காலையில் ஒரு முடிவோடு எழுந்தாள். இன்றைக்கு அண்ணிக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது. ஒரு நிமிஷம் முன்னேயும் போகக் கூடாது, பின்னேயும் போகக் கூடாது. டாண் என்று ஒரு மணிக்குப் போய் நிற்க வேண்டும்.

அப்படி நினைத்தவள் கிணற்றடிக்கு வந்து பார்த்தால், தெருமுனையில் தெருவைக் காணோம்.

இருந்த இடத்தில் ஒரு குழி. சிவப்பு வெள்ளை நாடா குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது. மண் ஒரு பக்கம், இரும்புக் குழாய் ஒரு பக்கம். குழிக்குள் இடுப்பளவில் நின்றுகொண்டு, மஞ்சள் தொப்பியோடு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தவர் வேறு யாரும் இல்லை. அவள் கூடப்பிறந்த அண்ணன். குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளர்.

"அண்ணா, என்ன இது?"

"குழாய் மாத்தறோம். செவ்வாய்க்கிழமையே வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டியாச்சே."

"உன் வீட்ல ஒட்டலையே."

அண்ணன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "நம்ம வீடு கீழே இருக்கு. அங்கே தண்ணி நிக்காது. எதுக்கு ஒட்டணும்?"

"சனிக்கிழமை ஆனா நான் இந்த வழியாத்தான் போவேன்னு உனக்குத் தெரியாதா? வீட்ல ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"வீட்ல ஆபீஸ் பேச்சு பேசக்கூடாதுன்னு உங்க அண்ணிதானே சட்டம் போட்டிருக்கா."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை. பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள். முட்டி வலியோடு ஒரு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், அவரை முழங்கையால் இடித்துக்கொண்டே அவருடைய மனைவி, கையில் நோட்டும் காதில் பென்சிலுமாக ஒரு கணக்கு டீச்சர், இன்னும் அக்கம்பக்கத்து நகரங்களிலிருந்து வந்த பதினொரு பேர். குழியைத் தாண்ட வழியில்லை. ஒரே வழி, பேருந்துச் சாலையைச் சுற்றிக்கொண்டு கீழ்முனைக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறி வருவது. அதாவது வாலிலிருந்து தலைக்கு. ஆறு வருஷத்தில் அவள் அப்படி ஒரு நாள்கூட நடந்தது கிடையாது.

குடையைத் தூக்கினாள். "வாங்க, இன்னைக்கு உங்களுக்கு மட்டும் ஒரு புது வழி" என்றாள். குரல் மட்டும்தான் தைரியமாக இருந்தது.

கீழ்முனைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். படிகளுக்குப் போக அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். குடையக்கா திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

"இந்த வீட்டைத் தாண்டற வரைக்கும் கொஞ்சம் சத்தம் போடாம வாங்க. உள்ளே சமையல் நடக்குது."

"நமக்கா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்போ எதுக்கு ஒளியணும்?"

கணக்கு டீச்சர் நோட்டை மூடினார். "சாப்பிடப் போற வீட்டையே திருட்டுத்தனமா தாண்டிப் போறதை நான் இப்பத்தான் பாக்கறேன்."

பதினைந்து பேர் நுனிக்காலில் நடந்தார்கள். பதினான்கு பேர் ஒழுங்காகத்தான் நடந்தார்கள். ஓட்டுநருக்கு மட்டும் வெங்காயம் வதங்குகிற வாசனை மூக்கில் ஏறிவிட்டது. தெருவே அதிர ஒரு தும்மல் போட்டார்.

கதவு திறந்தது. கையில் அகப்பையோடு அண்ணி வந்து நின்றாள்.

"மணி பதினொண்ணுகூட ஆகல. பருப்பு இப்பத்தான் அடுப்புல ஏறியிருக்கு."

"சாப்பிட வரல அண்ணி. சும்மா தாண்டிப் போறோம்."

"என் வீட்டை எதுக்குத் தாண்டிப் போறே? காலையில ஏதாவது கோபமா?"

விஷயத்தைச் சொன்னாள். குழி, நாடா, மஞ்சள் தொப்பி எல்லாம். அண்ணி அகப்பையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

"நேத்து சாப்பிடறப்போ அந்த மனுஷன் அரைமணி நேரம் எதிர்வீட்டுப் பூனையைப் பத்திப் பேசினார். குழியைப் பத்தி ஒரு வார்த்தை வரல." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "சரி, நீ போய் உன் கதையைச் சொல்லு. ஒரு மணிக்கு வாங்க எல்லாரும். முன்னாடி வந்தா வெந்நீர்தான்."

உள்ளே போய்விடுவாள் என்று குடையக்கா எதிர்பார்த்தாள். போகவில்லை. வாசற்படியிலேயே சாய்ந்து நின்றாள்.

படிகள் வீட்டை ஒட்டித்தான் இருந்தன. பதினொரு கல் படிகள், வாய்க்காலுக்குள் இறங்குபவை. அந்தக் காலத்தில் பெண்கள் துணி துவைத்த இடம். குடையக்கா முதல் படியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். இதுதான் அவளுடைய கடைசிக் காட்சி. வாராவாரம் இதைச் சொல்லி முடித்ததும் கைதட்டல் விழும், உடனே சாப்பாடு.

"இந்தப் படியிலதான் அந்த ரெண்டு ஓரகத்திகளும் கடைசியில சமாதானம் ஆனாங்க" என்று ஆரம்பித்தாள்.

"எந்த ரெண்டு ஓரகத்தி?" என்றார் கணக்கு டீச்சர்.

"அதாவது, அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தாங்க. அவங்க சண்டை போட்டு, வீட்டுக்கு ரெண்டு கதவு வச்சு... அந்த வீடு மேலே இருக்கு, அப்புறம் பாப்போம். அவங்க ஒருநாள் சந்துல எதிரும்புதிருமா நின்னு... அந்தச் சந்தும் மேலேதான் இருக்கு..."

"சண்டை ஏன் வந்தது?"

"அதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

"இதுதானே முதல்?" என்று ஓட்டுநரின் மனைவி கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் இன்னும் குத்தியது.

ஆறு வருஷமாக ஒரே நூலில் ஒரே வரிசையாகக் கோத்து வைத்த கதை. நூலின் மறுமுனையைப் பிடித்து இழுத்ததும் எல்லாம் கலைந்து உருண்டு ஓடின. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவியது. கூட்டத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீ அதைச் சமாதானத்துல ஆரம்பிக்காதே" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏழாவது படியில ஆரம்பி."

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி கையில் அகப்பையோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ஏழாவது படியைப் பாருங்க" என்றாள் அவர்களிடம். "மத்த படியெல்லாம் நடுவுல தேஞ்சிருக்கு. நாம நடுவுலதானே கால் வைப்போம். இது மட்டும் ரெண்டு ஓரத்துல குழிஞ்சிருக்கு. நடு அப்படியே புதுசா இருக்கு. ஏன்?"

டீச்சர் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க" என்றார் மெதுவாக. "ரெண்டு ஓரத்துலயும்."

"சரியாச் சொன்னீங்க. ரெண்டு பேர், ஒரே வீட்டு மருமகள்கள், பல வருஷம் தினமும் இங்கே வந்து, ஒருத்தி இந்த ஓரம், ஒருத்தி அந்த ஓரம், முதுகைத் திருப்பிக்கிட்டுத் துணி துவைச்சிருக்காங்க. ஒரு வார்த்தை பேசாம. நீ இங்கே வா" என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். "அந்தப் பக்கம் உக்காரு."

குடையக்கா போய் உட்கார்ந்தாள். அந்தப் படியைப் பற்றி முந்நூறு தடவையாவது பேசியிருப்பாள். ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லை. கல் குளிர்ச்சியாக இருந்தது. யாரோ அளவெடுத்துச் செதுக்கினது போலப் பாந்தமாகப் பொருந்தியது. மறு ஓரத்தில் அண்ணி உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம்.

"இவ்வளவு பக்கத்துல உக்காந்துகிட்டுப் பேசாம இருக்கறது லேசான வேலை இல்ல" என்றாள் அண்ணி. கூட்டம் சிரித்தது. "ஒருநாள் மூத்தவ கையிலேர்ந்து சோப்பு நழுவிடுச்சு. இந்தக் கல்லு லேசா இடதுபக்கம் சாயுது. சோப்புக் கம்பெனியில வேலை பாத்த ஒரு அம்மா மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்கே வந்தப்போ கையோட கொண்டுவந்த சோப்பை வச்சுப் பாத்தாங்களாம். நேரா சின்னவ உக்காந்த அந்த ஓரத்துக்குத்தான் போச்சாம். அதனால பேச்சை ஆரம்பிச்சவ சின்னவதான். 'இந்தாங்க உங்க சோப்பு'ன்னு."

குடையக்கா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். சோப்புக் கம்பெனி அம்மாவை அவளுக்கு நினைவே இல்லை.

"சரி, பேசிட்டாங்க. ஆனா எதுக்காக அத்தனை வருஷம் பேசாம இருந்தாங்க?" என்று டீச்சர் கேட்டார். பென்சில் காதிலிருந்து கைக்கு வந்திருந்தது.

"அதான் மேலே போனாத் தெரியும்" என்றாள் அண்ணி. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "இவ கூட்டிட்டுப் போவா. போங்க."

"நீங்க வரலையா?"

அண்ணி சிரித்தாள். "நான் எங்கே வர்றது? அடுப்புல பானை இருக்கே."

அப்போதுதான் ஓட்டுநர் கையைத் தூக்கினார். "எனக்கு இந்த மேடு ஏறினா முட்டி பேசும். நான் பானையைப் பாத்துக்கறேன். முப்பத்தி ரெண்டு வருஷம் இன்ஜின் சத்தத்தை வச்சே வண்டிக்கு என்ன நோவுன்னு சொன்னவன். பானை என்ன பண்ணுதுன்னு காது சொல்லிடும்."

"இவரை நம்பாதீங்க" என்றாள் அவர் மனைவி. "எங்க வீட்ல பால் பொங்கி அடுப்பு அணைஞ்ச அப்புறம்தான் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்குவார்."

"வீட்ல பேப்பர் இருக்கு. இங்கே இல்லையே."

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, அவள் எதைப் பார்த்தாலும் கண் திரும்பத் திரும்ப அந்த மேட்டுத் தெருவிலேயே போய் நின்றது. அதைக் குடையக்கா கவனித்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள். நாக்கில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், ஆறு வருஷத்தில் இந்த இரண்டு வார்த்தையை ஒருமுறைகூடத் தான் சொன்னதில்லை என்று உறைத்தது.

"தீயைச் சின்னதா வச்சிருக்கேன்" என்று அண்ணி ஓட்டுநரிடம் சொல்ல ஆரம்பித்தாள். "கால்மணிக்கு ஒரு தடவை அடிவரைக்கும் கிளறணும். பூசணித் துண்டு பக்கத்துத் தட்டுல இருக்கு. பருப்பு மலர்ந்ததும் போடுங்க. உப்பு நான் போட்டாச்சு. நீங்க எதையும் போடக்கூடாது."

"உத்தரவு" என்று ஓட்டுநர் உள்ளே போனார்.

அவசரத்தில் அண்ணி ஒன்றை மறந்துவிட்டாள். அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மேடு ஏறினார்கள். முன்னால் அண்ணி. குடையக்கா தன் குடையை நீட்டினாள். அண்ணி, "என்கிட்டதான் இது இருக்கே" என்று அகப்பையைத் தூக்கிக் காட்டினாள். கூட்டம் அகப்பையின் பின்னால் போனது. வெயில் படும்போதெல்லாம் அது பளிச் பளிச் என்று மின்னியது. எதிரில் வந்த தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்டார்.

ரொட்டிக்கடைச் சுவர் வந்தது. வெளிச்சுவர் எப்போதும் சூடாக இருக்கும். குடையக்கா வழக்கமாக எல்லோரையும் தோளுயரத்தில் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். ஆமாம், லேசாகச் சூடாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"முழங்கால் உயரத்துல தொடுங்க" என்றாள் அண்ணி. "அடுப்பு தரைக்குக் கீழே இருக்கு. வேற ஊர்ல ரொட்டி போடறவர் ஒருத்தர் வந்தப்போ சொன்னார்."

பதின்மூன்று பேரும் சுவரோரம் குந்தினார்கள். ஓட்டுநரின் மனைவி கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. "இடுப்பை வச்சுக்கலாம் போல இருக்கே" என்று திரும்பிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பவே ஐந்து நிமிஷம் ஆனது.

குடையக்கா கிட்டே போய், அண்ணியின் காதோரம் கேட்டாள்.

"இதெல்லாம் உங்ககிட்ட யார் சொன்னது?"

"சாப்பிட வர்றவங்கதான். பரிமாறறவகிட்ட எல்லாத்தையும் சொல்வாங்க. அதுவும் கடைசியா பாத்ததைத்தான் முதல்ல சொல்வாங்க. படி, அப்புறம் சுவர், அப்புறம் சந்து. எனக்கு உன் கதை எப்பவும் இப்படித்தான் வந்து சேரும், வால்லேர்ந்து."

"என்கிட்ட ஏன் அவங்க சொல்லல?"

"நீதான் சாப்பிடறப்பவும் பேசிக்கிட்டே இருக்கியே. உனக்கு எங்கே காது காலி?"

சுருக்கென்றது. நெஞ்சில் ஒரு முள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றது. கைதட்டல் வாங்கிப் பழகியவளுக்கு, இன்னொருத்தி பேச்சுக்குத் தன் கூட்டம் வாயைப் பிளப்பதைப் பார்க்க லேசில் முடியுமா? பின்தங்கி, வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் நடப்பது அவளுக்குப் புதிது. எப்போதும் முதல் ஆளாய்ப் போகிறவளுக்குத் தன் பின்னால் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே தெரியாது. இப்போது பார்த்தாள். ஒரு நடுத்தர வயதுக்காரர் ஒவ்வொரு வாசலிலும் இருக்கும் பூந்தொட்டியை எண்ணிக்கொண்டே போனார். ஒரு தம்பதி, வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவர்கள், ஏழாவது படியைப் பார்த்ததிலிருந்து ஒருவர் விரலை ஒருவர் பிடித்திருந்தார்கள். டீச்சர் நோட்டை மூடிப் பையில் போட்டுவிட்டு, சுவரில் ஒரு விரலை ஓட்டிக்கொண்டே நடந்தார், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் சின்னப் பெண் மாதிரி. குடையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முள் எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியவில்லை.

ஒல்லிச் சந்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நடுச்சந்தில் அண்ணி நின்றாள். முன்னால் நின்றதால் எல்லோரும் நின்றார்கள்.

"அண்ணனும் தம்பியும் இங்கேதான் எதிரும்புதிருமா வந்துட்டாங்க. யாராவது ஒருத்தர் பின்னால போகணும். யாரும் போகல. காலையில நின்னவங்க பொழுது சாயற வரைக்கும் நின்னாங்களாம். ரொட்டிக்கடைக்காரர் பாவம் பாத்து ஆளுக்கு ஒரு முக்காலி கொண்டு வந்து போட்டாராம். சுவத்தைப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் இடுப்பு உயரத்துல வழவழன்னு இருக்கும். அதுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்ல. கூடையை எல்லாரும் இடுப்புல ஒரே பக்கம் வச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. அது ஒரு தையல்காரர் கண்டுபிடிச்சது."

"சண்டை எதுக்குன்னு இப்பவாவது சொல்லுங்களேன்" என்று வரிசையில் யாரோ கெஞ்சினார்கள்.

"இன்னும் அம்பது அடி."

அந்த ஐம்பது அடியை அவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். சந்து முடிந்ததும் இரட்டைக் கதவு வீடு, இப்போது யாரும் குடியில்லாதது. ஒரே முகப்பு, ஒரே ஜன்னல் வரிசை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு. அண்ணி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, வரிசையின் கடைசியில் குடையைத் தேடினாள்.

"இதை நீ சொல்லு" என்றாள். "எனக்கு இங்கே சரியாத் தெரியாது. சாப்பாட்டு மேசைக்கு இது வந்து சேரறதுக்குள்ள பழம் வச்சுடுவேன். எல்லாரும் எழுந்துடுவாங்க."

குடையக்கா முன்னால் வந்தாள். வழக்கமாக இது அவளுடைய முதல் கதை. யாரும் இன்னும் யாருக்காகவும் கவலைப்படாத நேரத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிற சின்னத் தகவல். இப்போது பதின்மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். பதினான்காவதாக அண்ணியும்.

குடையக்கா கதவருகே போனாள். இடதுபக்கக் கதவைக் குடை முனையால் தள்ளினாள். அது உள்ளே திறந்தது. வலதுபக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அது வெளியே திறந்தது.

"இதுக்குத்தான்" என்றாள்.

ஒரு நொடி யாருக்கும் ஓடவில்லை. முதலில் டீச்சர்தான் சிரித்தார். பிறகு அந்தத் தம்பதி. பிறகு தெருவே சிரித்தது.

"கதவு உள்ளே திறக்கணுமா வெளியே திறக்கணுமாங்கறதுக்கா?" என்று ஓட்டுநரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பாவிங்களுக்காகவா அந்தப் பொண்ணுங்க அத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு..."

"உள்ளே ரெண்டு கதவும் ஒரே கூடத்துக்குத்தான் போகுது" என்றாள் குடையக்கா. "மாடிப்படியும் ஒண்ணுதான்."

இந்த இடத்தில் இப்படி ஒரு சிரிப்பு அவளுக்குக் கிடைத்ததே இல்லை. அண்ணி ஒரு கதவுக்குள் நுழைந்து மறு கதவு வழியாக வெளியே வந்தாள். திரும்பவும் ஒருமுறை அப்படியே செய்தாள்.

"இருபத்தி மூணு வருஷமா இந்த வழியா காய்கறிப் பையைத் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்றாள். "ஒரு நாள் தள்ளிப் பாக்கலையே."

அப்போது பத்தடி தள்ளியிருந்த குழியிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பி மேலே வந்தது. தொப்பிக்குக் கீழே அண்ணனின் முகம். தெருவில் கூட்டத்தையும், கூட்டத்தின் முன்னால் தன் வீட்டு அகப்பையையும், அதைப் பிடித்திருந்த கையையும் வரிசையாகப் பார்த்தார்.

"நீ எங்கே இங்கே?"

"சுத்திப் பாக்க வந்தேன்" என்றாள் அண்ணி. "குழியும் பாக்கற இடம்தானே? இவர்தான் எங்க வீட்டுக்காரர். இவர் இன்னைக்குத் தெருவைத் தோண்டப்போறது ஊருக்கே தெரியும், இவர் பொண்டாட்டியைத் தவிர."

எல்லோரும் குழியை எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் வேறு வழியில்லாமல் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

"அப்போ அடுப்பை யார் பாக்கறா?" என்று கேட்டார்.

"ஒரு டிரைவர்."

"டிரைவரா?"

அப்போதுதான் அண்ணி தன் கையைப் பார்த்தாள். அகப்பையைப் பார்த்தாள். வீட்டில் இருந்த நீள அகப்பை அது ஒன்றுதான்.

"ஐயையோ" என்றாள் மெதுவாக. "அந்த மனுஷன் எதை வச்சுக் கிளறுவார்?"

இறங்கும்போது யாரும் கதை கேட்கவில்லை. அகப்பை முன்னால் ஓட, பின்னால் எல்லோரும் ஓட்டம். ஒன்றரை மணி நேரம் ஏறிய மேட்டைப் பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டார்கள். அண்ணியின் பானை அடிபிடித்துக் குடையக்கா பார்த்ததே இல்லை. கடைசிச் சனிக்கிழமை, அதுவும் தன்னால், இப்படியா முடிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

சமையலறையில் ஓட்டுநர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பானையின் முன்னால் ஸ்டியரிங் பிடிக்கிற தோரணையில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் பிடித்திருந்தது மாவு தேய்க்கும் கட்டை.

"அகப்பையைக் காணோம்" என்றார். "இதுதான் கிடைச்சுது. கால்மணிக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்க. எனக்கு பயமா இருந்துச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளறிட்டேன்."

அண்ணி எட்டிப் பார்த்தாள். பருப்பும் பூசணியும் கேரட்டும் இருந்த இடத்தில், ஒன்றோடொன்று கரைந்துபோய், கூழைவிடக் கொஞ்சம் கெட்டியாக, மஞ்சளாக ஒன்று தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு காய்கூட முழுசாக இல்லை. அண்ணி ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அடிபிடிக்கல" என்றாள். இன்னொரு சொட்டு எடுத்தாள். "எலுமிச்சம்பழம் எங்கே?"

முற்றத்து நீள மேசையில் சூடான ரொட்டியை உடைத்துப் போட்டு, அந்த மஞ்சள் குழம்பை மேலே ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டார்கள். ஓட்டுநருக்கு ஆளுக்கு ஆள் பாராட்டு. அவர் மனைவி மட்டும், "வீட்ல ஒரு டம்ளரைக் கழுவினதில்ல, இங்கே வந்து பேர் வாங்கறதைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது முறை தட்டை நீட்டினாள். குடையக்கா அன்றைக்குச் சாப்பிடும்போது பேசவில்லை. பூந்தொட்டி எண்ணியவரிடம், "எத்தனை இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். அவர் பழம் வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். நூற்றுப் பத்தொன்பது தொட்டியாம். அதில் ஒன்று தொப்பியாம், கவிழ்த்து மண் நிரப்பியதாம். ஆறு வருஷமாக அந்தத் தொப்பியைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அண்ணி பானையைத் தேய்த்தாள், குடையக்கா துடைத்தாள். அண்ணன் வேலை முடிந்து வந்து, மண் காலோடு உள்ளே வரப் பயந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து, மிச்சம் இருந்ததைக் கிண்ணத்தில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது, இன்றைக்கு என்ன விசேஷமாகப் போட்டாய் என்று கேட்டார். அண்ணி மாவுக்கட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

குடையக்கா துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"அண்ணி, வியாழக்கிழமை சொன்னீங்களே..."

அண்ணி பானையைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்தக் குழியை எப்ப மூடுவீங்க?"

"குழாய் வந்துடுச்சு. புதன்கிழமை மூடிடுவோம்" என்றார் அண்ணன் பெருமையாக.

"எதுக்கு அவ்வளவு அவசரம்? குடிக்கிற தண்ணி விஷயம். நிதானமா, நல்லாப் பாத்து, அடுத்த சனிக்கிழமை கழிச்சு, ஞாயித்துக்கிழமை மூடுங்க."

அண்ணன் கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். ஒன்றும் புரியாவிட்டாலும், சரி என்று தலையாட்டினார்.

"அந்த டிரைவர் ஐயா விலாசம் வாங்கினியா?" என்று அண்ணி நாத்தனாரிடம் கேட்டாள். "அடுத்த வாரமும் வருவாரான்னு கேளு. வரலேன்னா இதோ இவர் இருக்கார், சனிக்கிழமை லீவு போட்டுட்டுக் கிளறட்டும். வீட்ல சொல்லாததுக்கு ஒரு தண்டனை வேணாமா?"

குடையக்கா தட்டைக் கீழே வைத்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது குடையை எடுத்துக்கொள்ளவில்லை. சமையலறைச் சுவரில் அகப்பை தொங்குகிற ஆணியிலேயே அதையும் மாட்டிவிட்டுப் போனாள்.